ரோபோ மிஸ்ஸின் கை

பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும் ரோபோ மிஸ் வகுப்பறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, மேசைமேல் நிற்கும் குட்டி வண்டிகளை ஒவ்வொன்றாக மல்லாத்துகிறார். உதட்டிடுக்கில் ஒரு திருகாணி. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி இடைஞ்சல். முதல் வண்டியில் ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுற்றும்படி ஒயர் மாறிக் கிடக்கிறது. பிடுங்கி மாற்றிச் செருகுகிறார். அடுத்ததில், அடியில் இருந்து தரையைப் பார்க்கும் உணர்கருவி மந்தமாக இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கண் என்பார்கள், மிஸ்ஸும் அப்படியே சொல்வார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பொடித் திருகைத் திருப்புளியால் கொஞ்சம் சுற்றி, "இப்பத் தெரியுதாடா?" என்று வண்டியிடமே கேட்கிறார்.

அதற்கடுத்த வண்டிக்குச் சொந்தக்காரன் திருகாணியை நம்பாதவன். எல்லாவற்றையும் ஒட்டும் டேப்பால் சுற்றிவிடுவான். மிஸ் டேப்பைப் பிரித்து, உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் மோட்டாரை இறுக்கிவிட்டு, அதே டேப்பை அதே அலங்கோலத்தோடு மறுபடி சுற்றி வைக்கிறார். அலங்கோலம் மாறக்கூடாது. அதில்தான் அவருடைய சாமர்த்தியமே இருக்கிறது.

நாளைக்கு அந்தப் பையன் வந்து ஸ்விட்சைப் போடுவான். வண்டி வெள்ளை அட்டையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வளைவில் தயங்கி, திரும்பி, ஓடும். "மிஸ், ஓடுது மிஸ்!" என்று கூரை பறக்கக் கத்துவான். மிஸ் அப்போது சன்னலோரம் வேறு எதையோ தேடுகிற பாவனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கத்தலை நேருக்கு நேர் வாங்கிக்கொள்ள அவருக்கு என்னவோ கூச்சம்.

வயது ஐம்பதை எட்டிப்பிடிக்கிறது. குள்ளமான உருவம், நடையில் மட்டும் எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவரின் அவசரம். வலது கை ஆட்காட்டி விரலின் நுனி, பற்றவைக்கும் கம்பி சுட்டுச் சுட்டுத் தடித்துப்போய்விட்டது. கைபேசி அந்த விரலை மதிப்பதே இல்லை, நடுவிரலால்தான் தடவ வேண்டும். கைப்பையைத் திறந்தால் சீப்பு, கைக்குட்டை எதுவும் கண்ணில் படாது. பேட்டரி, ரப்பர் பேண்டு, அறுந்த ஒயர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், மறுபடியும் பேட்டரி. சதுர பேட்டரியாக இருந்தால் இரண்டு முனையையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சுருக்கென்றால் "இன்னும் உசிரு இருக்கு" என்று பைக்குள் போடுவார். இல்லாவிட்டால், "போய்ச் சேந்துட்டான்." பிள்ளைகள் பார்த்துப் பழகி வீட்டில் செய்து காட்ட, ஒரு தாய் சண்டைக்கு வந்துவிட்டார். அதிலிருந்து மிஸ் திரும்பி நின்றுகொண்டுதான் நக்குகிறார்.

வகுப்பு நடப்பது மெத்தைக் கடைக்கு மேல்மாடியில். கீழே எந்நேரமும் புது ரப்பர் வாசனை. மேலே சூடான ஈயத்தின் வாசனை. படியேறும் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம்: கையில் கோப்பையோடு, முன்பல் இரண்டும் பெரிதாகத் தெரியச் சிரிக்கிற பதினொரு வயதுப் பையன். அடியில் 'நாளைய விஞ்ஞானி, இங்கிருந்து!' என்று எழுதியிருக்கிறது. அவன் மிஸ்ஸின் மகன். உண்மையைச் சொன்னால் அவன் இங்கிருந்து கிளம்பியவனே இல்லை. இந்த இடம்தான் அவனிடமிருந்து கிளம்பியது. அந்தக் கோப்பையைக் கண்ட பிறகுதான் முதலாளிக்கு இப்படி ஒரு வகுப்பு நடத்தும் யோசனையே வந்தது. அதுவரை அவர் மாடியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், சேர ஆளில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு 'எதிர்கால நாள்' என்று பெயர். பெற்றோரை எல்லாம் வரச்சொல்லி உட்காரவைத்து முதலாளி பேசுவார். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்ல வந்தவர் மாதிரி ஆரம்பிப்பார்.

"இன்னைக்கு இருக்கற வேலையில பாதி நாளைக்கு இருக்காதுங்க. நான் பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. பாதி இருக்கும், பாதி இருக்காது. உங்க புள்ள எந்தப் பாதியில நிக்கப்போறான்? அத மட்டும் யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்க்கிறவர்களின் முகம் வெளுத்துப்போகும். சில தகப்பன்மார் பிள்ளையின் பக்கம் திரும்பி, ஏதோ தொலைந்துபோன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தான் என்னவாகப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி ஆபரேஷன் செய்கிற ரோபோவுக்கு டாக்டராவாள். ஒருவன் நிலாவுக்கு வண்டி செய்வான். போன மாதம் டேப் பையன் எழுந்து, "ரோபோ வந்துட்டா எல்லா வேலையும் அதுவே பாத்துக்கும், நான் நிம்மதியா தூங்குவேன்" என்று சொன்னான். கூடமே சிரித்தது. அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உட்காரும்போதே தொடையில் கிள்ளிவிட்டார்.

பேச்சு முடிந்ததும் வண்டிகள் ஓடும். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் ஓடியாக வேண்டும். "ஒண்ணு நின்னுடுச்சுன்னா அந்தப் புள்ள மட்டுமில்ல மிஸ், அதப் பாத்துட்டு இன்னும் நாலு புள்ள நின்னுடும்" என்பது முதலாளியின் கணக்கு. கதவைத் தாழிட்டுக்கொண்டு மிஸ் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் அவருடைய தொழிலில் ஒரு பகுதி. ஒருநாள் மறந்துவைத்த சாவியை எடுக்க வந்து, கதவைத் தட்டி, உள்ளே திருப்புளியும் கையுமாக மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் பதறிப்போய், "சும்மா லேசா ஒரு கை வெச்சேன் சார், அவ்ளோதான்" என்றார். முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஃபேன் சத்தம் போடுது, ஆளைக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் படியில் நின்று படத்தைப் பார்ப்பார்கள். மிஸ்ஸின் பையன்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உடனே பரவசமாகக் கேட்பார்கள்: "பையன் இப்ப என்ன பண்றார் மிஸ்?"

"படிச்சிட்டிருக்கான்" என்பார் மிஸ்.

பொய் இல்லை. படித்துக்கொண்டுதான் இருக்கிறான். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய், சிலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இவனுக்கு இன்னும் தேறாத பாடங்கள் இருக்கின்றன. பொறியியல் கல்லூரியில் முதல் வருடத்திலேயே வழுக்கத் தொடங்கியவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அதே புத்தகங்களை அதே பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மெத்தைக் கடைத் தெருப்பக்கம் அவன் வந்து வருடக்கணக்காகிறது. படிச்சுவரில் சிரிக்கிற தன்னுடைய பல்லைத் தானே பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

தோற்றவன் என்றால் ஆத்திரப்படுவான், குடிப்பான், ஊரைத் திட்டுவான். இவன் அப்படியெல்லாம் இல்லை. தன் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்புகிறான். ஒளித்துவைத்திருந்த பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவனைப் போல, சின்ன வயதில் தன்னிடம் இருந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"அப்பல்லாம் எனக்குத் தானா வந்துச்சும்மா. கையால தொட்டா ஓடும். நான் யோசிச்சதுகூடக் கிடையாது. இப்ப என்ன படிச்சாலும் ஏற மாட்டேங்குது. உள்ள என்னமோ ஆயிடுச்சும்மா எனக்கு."

"ஒண்ணும் ஆகலடா. சாப்பிடு."

"ஆகலன்னா எப்படிம்மா? அதே ஆளுதானே நான்?"

அவனே போய் டாக்டரைப் பார்த்தான். தலையைப் படம் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினான், எடுத்தும் பார்த்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறொருவன் என்றால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பான். இவன் வீட்டுக்கு வந்து கட்டிலில் சுருண்டு படுத்தான். கண்டுபிடிக்க முடியாத நோய் என்றால் அது எவ்வளவு பெரிய நோயாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

அவன் மூளைக்கு எதுவும் ஆகவில்லை என்பதை நிச்சயமாக அறிந்த ஒரே ஜீவன் இந்த உலகத்தில் ரோபோ மிஸ்தான். டாக்டருக்குப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். மிஸ்ஸுக்குத் தன் கையாலேயே தெரியும். அவன் தொலைத்துவிட்டதாகத் தேடுகிற பொருள் அவனிடம் இருந்ததே இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நோய் போய்விடும், கூடவே அவன் சிரித்த ஒரே படமும் போய்விடும். இதை நினைத்தால் பாத்திரம் கழுவுகிற கை அப்படியே நின்றுவிடும், குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் மிஸ் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். உடைந்த மோட்டார், காது அறுந்த மின்சுற்றுப் பலகை என்று வீசியெறிய வைத்திருப்பதைக் கேட்டு வாங்கி மகனுக்கு விளையாடக் கொண்டுவருவார். பையன் அதையெல்லாம் வைத்து வண்டி செய்தான். பாதியில் விட்டுவிட்டு வண்டிக்கு மீசை வரைந்தான், பெயர் வைத்தான், அது ஏன் வீட்டைவிட்டு ஓடிவந்தது என்று ஒரு கதை சொன்னான். பள்ளியில் போட்டி என்றதும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். போட்டிக்கு முந்தின நாள் வண்டி ஓடவில்லை. அழுது அழுது, முகம் வீங்கி, வெளியே விளையாடப் போய்விட்டான். வண்டி சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. மிஸ் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு ஒயர். மாற்றிச் செருகினால் தீர்ந்தது. அழுத பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரிதான் அதையும் செய்தார்.

பையன் திரும்பி வந்து ஸ்விட்சைப் போட, வண்டி ஓடியது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப்பார்த்தார்கள். "அம்மா, நானே சரி பண்ணிட்டேம்மா! கொஞ்சம் விட்டு வெச்சா அதுவே சரியாயிடுது!" என்று குதித்தான். அந்த நேரத்தில் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? போட்டியில் அவன் தன் வண்டியைப் பற்றிப் பேசிய பேச்சில் நடுவர்கள் சிரித்து உருண்டார்கள், சக்கரத்தைச் சரியாகப் பார்த்தார்களோ இல்லையோ. கோப்பை கிடைத்தது. அடுத்த போட்டி வந்தது. மறுபடியும் ஒரு ஒயர். அதற்கடுத்து ஒரு ஒயரோடு நிற்கவில்லை.

முதலாளி தேடிக்கொண்டு வந்து வேலை கொடுத்தபோது மிஸ்ஸுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. உதவியாளராக இருந்தவரை மிஸ் என்று கூப்பிட யாரும் கிடையாது. இங்கே வந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் தன் மகனைப் போலவே அழுதார்கள், தன் மகனைப் போலவே ஒயரை மாற்றிச் செருகினார்கள். மிஸ்ஸின் கை தானாகவே போயிற்று. மகனுக்குச் செய்ததை ஊரார் பிள்ளைக்குச் செய்யாமல் இருந்தால்தான் தப்பு என்றுகூட அவர் அப்போது நினைத்தாராம். நல்ல மனசு இத்தனை நாசம் பண்ணுமா என்று எனக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அவர் கையைப் பார்த்தால் திட்ட வாய் வராது.

பொறியியல் படி என்று மகனை யாரும் வற்புறுத்தவில்லை. வேறு எதையாவது படிக்கிறாயா என்று கேட்கவும் இல்லை. ரோபோ பையன் வேறு எங்கே போவான்? ரயிலை ஒரு தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அவன் அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் சாலையில். வீட்டுக்கு வந்தால் கோப்பைகளைத் துணியால் துடைத்து வைப்பது அவர் வேலை. "கோப்பை வாங்கின புள்ளடா நீ! உனக்கா வராது?" என்று மகனின் முதுகைத் தட்டுவார். அன்பாகத்தான் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் பையன் ஒரு அங்குலம் குனிகிறான். மிஸ் அடுக்களையிலிருந்து, "அவனை விடுங்களேன்" என்று கத்துவார். இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று அந்த மனிதருக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பொம்மைத் தலைமுடியை வெட்டித் தன் வண்டிக்கு ஒட்டிவைத்திருக்கும் ஒரு பெண்குழந்தை, ஸ்விட்சைப் போட்டு, வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு, கத்தவில்லை. கையால் தடுத்து நிறுத்தித் தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

"மிஸ், இது என்னோடது இல்ல."

"உன்னோடதுதான்டி கண்ணு. முடியப் பாரு, நீ ஒட்டினதுதானே?"

"முடி என்னோடது. வண்டி என்னோடது இல்ல. என்னோடது ஓடாது. இது ஓடுது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கூட்டிப்போக வந்த அவள் அம்மா வாசலிலிருந்தே, "ஓடுதில்ல? அப்புறம் என்னடி உனக்கு?" என்று அதட்டினார். மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அன்று மற்ற எல்லா வண்டிகளிலும் கை வைத்தவர், முடி ஒட்டிய வண்டியை மட்டும் தொடாமல் வைத்தார். மறுநாள் அது தட்டாமாலை சுற்றியது. அதற்கடுத்த நாளும் சுற்றியது. குழந்தை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அது சுற்றுவதை நாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை, தன் மகளை மட்டும் கவனிப்பதில்லை என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார். எதிர்கால நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி மிஸ்ஸைக் கூப்பிட்டு, ஃபேனைப் பார்க்காமல் மிஸ்ஸின் முகத்தையே பார்த்து, "எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரி செய்ங்க மிஸ்" என்றார். மிஸ் செய்தார். வண்டி ஓடியது. குழந்தை அடுத்த மாதம் வரவில்லை. பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டார்களாம்.

அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லப்போய்த்தான் வினை வந்தது. வண்டி தட்டாமாலை சுற்றியதை மட்டும் சொன்னார், மீதியைச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மகன் நிமிர்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அம்மா, எனக்கு ஒரு வண்டி சாமான் கொண்டு வா. முழுசா. பதினொரு வயசுல பண்ணினதுதானே? அதையே மறுபடி பண்ணிப் பாக்கறேன்."

"இப்ப எதுக்குடா அது?"

"ஓடிச்சுன்னா எனக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். உக்காந்து படிச்சு அத்தனை பாடத்தையும் எழுதி முடிச்சுடறேன். ஓடலன்னா…"

ஓடாவிட்டால் என்ன என்பதை அவன் சொல்லவில்லை. சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போடப் போனார். அவன் கையை வைத்து மறைத்தான்.

சாக்குச் சொல்லிச் சொல்லிக் கொஞ்ச நாள் தள்ளினார். ஸ்டாக் இல்லை என்றார், முதலாளி ஊரில் இல்லை என்றார். கடைசியில் ஒரு விடுமுறை நாளன்று பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா சரக்கேற்றிக்கொண்டு போயிருந்தார். மகன் குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, பரீட்சைக்கு உட்காருகிறவன் மாதிரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். தரையில் அவனே கறுப்புப் பட்டை ஒட்டினான். மிஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரில் உட்காரப் போக, "வேண்டாம்மா. நீ பாக்கக்கூடாது. எதுவும் சொல்லாதே. அப்ப நானாத்தானே பண்ணினேன்?" என்றான்.

மிஸ் அடுக்களைக்குப் போய்க் காய்ந்துபோன பாத்திரங்களை மறுபடி கழுவினார். வெளியே சக்கரம் உருட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சீழ்க்கை. மகன் சீழ்க்கையடித்து எத்தனை காலமாயிற்று! பழைய நாட்களில் வண்டியோடு பேசுவானே, அதுபோல, "இரு இரு, உனக்குப் பேர் அப்புறம் வெக்கறேன்" என்று ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. பெயர் வைப்பதில் இருந்த குதூகலம், அடுத்து ஒயரை எடுத்ததும் அடங்கிப்போனதையும் கேட்டார். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டிருக்க வேண்டியதை இப்போதுதான் கேட்பதாக அவருக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து, "முடிஞ்சுதும்மா!" என்றான். நெற்றியெல்லாம் வேர்வை. "பேட்டரி மட்டும்தான் வேணும்."

"என் பையில இருக்குடா. எடுத்துக்கோ."

"வேணாம். நானே வாங்கிட்டு வரேன். எல்லாமே நானா இருக்கட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டு அவனாகவே தெருவில் இறங்கினான். பகல் வெளிச்சத்தில் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நடந்தான். கடை தெருமுனையில்.

வண்டி மேசைமேல் இருந்தது. மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தொடவேண்டாம் என்றுதான் நின்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், வண்டியை மல்லாத்தினார்.

சக்கரங்கள் சரியாக இருந்தன. மோட்டார் ஒயர்கள் சரி. அன்று செய்த தப்பைச் செய்யவில்லை. ஆனால் இரண்டு கண்களின் ஒயர்களும் இடம் மாறியிருந்தன: இடது கண் பார்த்ததை வலது கண் பார்த்ததாக வண்டி எடுத்துக்கொள்ளும். நேர்க்கோட்டில் கொஞ்ச தூரம் ஓடும். வளைவு வந்ததும் கோட்டின் பக்கம் திரும்புவதற்குப் பதில் கோட்டைவிட்டு விலகித் திரும்பி, அறை மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள் வாரம் தவறாமல் செய்கிற தப்பு. மாற்றிச் செருக ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும்.

மாற்றிவிட்டால் ஓடும். அவன் கத்துவான். மறுபடி உள்ளறைக்குப் போய், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் இன்னும் எத்தனையோ வருடம் அந்தப் புத்தகங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். மாற்றாவிட்டால் அது மூலையில் போய் முட்டும். அவன் சொல்லாமல் விட்ட வார்த்தை என்ன என்பது அப்போது தெரியவரும். இரண்டு வழியும் தன் கையிலிருந்துதான் கிளம்புகிறது, இரண்டும் தன் பிள்ளையின் தலையில்தான் போய் முடிகிறது என்று அவர் நின்றுகொண்டே அழுதார். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் பதினொரு வயதில் அழுத மாதிரியே அழுதார்.

நேரம் இருந்தது. கடைக்காரர் மெதுவாகத்தான் எடுத்துக் கொடுப்பார். எந்தப் பிள்ளையின் வண்டியையும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது மிஸ் தொட்டது கிடையாது. வகுப்பில் கதவுக்குத் தாழ் போடாமல் இந்த வேலையைத் தொடங்கியதே இல்லை. இப்போது வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. அவர் போய் அதைச் சாத்தவில்லை. வண்டியை மல்லாந்த வாக்கிலேயே மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம். "கிடைச்சுதும்மா! நாலும் புதுசு!" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மேசையையும் அம்மாவையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். பேட்டரி கையில் இருந்தது.

மிஸ் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வண்டியை அருகில் இழுத்தார். கீழே குனிந்து பார்க்காமல், தடித்துப்போன விரலால் தடவி, கண்களின் ஒயர்கள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினார்.